குறைந்த செலவில் டைட்டானியம் டை ஆக்சைடை உலோக அயனிகளால் டோப் செய்வது: நாகர்கோவில் மாணவர் ஒருவருக்குப் பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒரு கேள்வியாக எழுதியிருந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. நாகர்கோவிலை ஒட்டிய கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் புராஜெக்ட், கையில் ஐயாயிரம் ரூபாய், துறையில் ஒரு மஃபிள் ஃபர்னஸ், ஒரு மேக்னெடிக் ஸ்டிரர், ஒரு பழைய கலரிமீட்டர். இதை வைத்து டைட்டானியம் டை ஆக்சைடில் இரும்பு, செம்பு, வெள்ளி அயனிகளைச் சிறிதளவு சேர்க்க, அதாவது டோப் செய்ய, எந்த முறை மலிவு என்பது முதலாவது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் டைட்டானியமும் இரும்பும் சேர்ந்தே கிடக்கும்போது அதையே எடுத்துச் செய்யக்கூடாதா என்பது இரண்டாவது. அந்தப் பொடியைப் போட்டுக் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட தண்ணீரின் நிறத்தை வெயிலிலேயே போக்க முடியுமா என்பது மூன்றாவது. முனைவர் பட்டத்துக்கு இந்தப் பொருளில்தான் வேலை செய்தேன். அதன் பிறகு பதினாறு வருடமாக நம் மாவட்டத்திலேயே மாணவர்களோடு செய்து வருகிறேன். இரும்பும் செம்பும் எனக்குக் கைப்பழக்கம். வனேடியம், ருத்தீனியம் போன்றவற்றைப் பற்றிப் படித்ததோடு சரி, கையால் செய்ததில்லை.

கருமணலை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற ஆசை இது, எனக்கும் வந்தது. கருமணலில் உள்ள இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 55 சதவீதம், மீதியில் பெரும்பங்கு இரும்பு ஆக்சைடு. டோப்பிங்குக்கு நமக்கு வேண்டியதோ இருநூறு டைட்டானியம் அணுவுக்கு ஓர் இரும்பு அணு என்ற கணக்கு. அதாவது இரும்பைச் சேர்ப்பதல்ல, இருக்கிற இரும்பில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியேற்றுவதுதான் அங்கே வேலை. தொழிற்சாலையில் இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் சூடேற்றிக் கரைத்து, இரும்பை அன்னபேதியாக (ஃபெரஸ் சல்பேட்) படியவைத்துப் பிரித்து, மிஞ்சிய டைட்டானைல் சல்பேட்டைக் கொதிக்கவைத்து நீராற்பகுத்துச் சுடுகிறார்கள். திருவனந்தபுரத்து டைட்டானியம் ஆலையின் வழி அது. கேரளத்துச் சவறாவில் குளோரின் கொண்டு பிரிக்கிற குளோரைடு வழி. இரண்டுமே கல்லூரி ஆய்வகத்துக்கு ஏற்ற வேலை இல்லை. மேலும் மணலில் குரோமியம், வனேடியம், மாங்கனீசு எல்லாம் சிறிது சிறிது உண்டு. கடைசியில் பொடி வேலை செய்தாலும் எந்த அயனியால் வேலை செய்தது என்று உங்களால் சொல்லவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் நம் பகுதியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார் என்பது இங்கே பலரும் அறிந்த கதை. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். கரையிலிருந்து மணலை அள்ளிவந்து ஆய்வகத்தில் அரைப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, நுரையீரலுக்கும் ஆகாது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

அடுத்த ஆசை பெயிண்ட் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிற வெள்ளைப் பொடி. இதில் பல மாணவர்கள் ஒரு செமஸ்டரையே இழந்திருக்கிறார்கள். பெயிண்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு பெரும்பாலும் ரூட்டைல் என்ற படிக வடிவம். துகள் ஏறத்தாழ 200 முதல் 300 நானோமீட்டர். அதன் மேல் அலுமினா, சிலிக்கா பூச்சு. அந்தப் பூச்சு எதற்கென்றால், வெயிலில் இந்தப் பொடி வினையூக்கியாக வேலை செய்து பெயிண்டையே அரித்துவிடாமல் இருக்கத்தான். ஒளி வினையூக்கத்தை வேண்டுமென்றே அடக்கிய பொடியை வாங்கி, அதில் ஒளி வினையூக்கத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அதே சேர்மத்தின் இன்னொரு படிக வடிவமான அனடேஸைப் பூச்சில்லாததாக வாங்குங்கள். ஒப்பீட்டுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற பி25 பொடி கொஞ்சம் கிடைத்தால் நல்லது. அதில் அனடேஸ் சுமார் 80 பங்கு, ரூட்டைல் 20 பங்கு; துகள் 20 நானோமீட்டரை ஒட்டியது. ஏற்கெனவே பி25 வாங்கிய ஆராய்ச்சி மாணவர் யாரிடமாவது கேட்டால் பத்து கிராம் தருவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இனி டோப்பிங் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். பாடநூல் இதை மாசூட்டல் என்கிறது. அனடேஸின் பட்டை இடைவெளி (அதன் எலக்ட்ரானைக் கிளப்பிவிட வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 387 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஒளிதான் அதை எழுப்பும். வெயிலில் அந்தப் பகுதி நான்கைந்து சதவீதம்தான். உலோக அயனி படிகக்கூட்டுக்குள் டைட்டானியத்தின் இடத்தில் உட்கார்ந்தால், இடைவெளிக்குள் புதிய ஆற்றல் மட்டங்கள் உண்டாகிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கொஞ்சம் உறிஞ்சப்படும். உள்ளே உட்கார அளவு பொருந்த வேண்டும். டைட்டானியம் அயனியின் ஆரம் 0.605 ஆங்ஸ்ட்ராம், ஃபெரிக் இரும்பு 0.645, பக்கத்தில் இருக்கிறது, நுழையும். குப்ரிக் செம்பு 0.73, கஷ்டப்பட்டுக் கொஞ்சம் நுழையும். மீதி மேற்பரப்பில் நிற்கும். வெள்ளி 1.15, நுழையாது. ஆகவே வெள்ளியைச் சேர்ப்பதை டோப்பிங் என்று தலைப்பில் எழுதாதீர்கள். அது மேற்பரப்பில் உலோக மணிகளைப் பதிப்பது. பொடியைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் கொஞ்சம் ஆல்கஹாலோடு கலக்கி வெயிலில் வைத்தால், ஒளியே வெள்ளி அயனியை ஒடுக்கிப் பொடி மேல் படியவைக்கும். பொடி சாம்பல் நிறமாகும். மிக எளிய வேலை, நல்ல பலனும் தரும். ஆனால் இதில் நடப்பது டோப்பிங் அல்ல.

எவ்வளவு சேர்ப்பது? இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். அதிகம் சேர்த்தால் அதிகப் பலன் என்று நினைத்து ஐந்து, பத்து சதவீதம் போடுகிறார்கள். 1994-ல் சோய், டெர்மின், ஹாஃப்மன் மூவரும் 21 உலோக அயனிகளை வரிசையாகச் சோதித்த ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஒன்று. இரும்பு, வனேடியம், ருத்தீனியம், ரோடியம் முதலான சில அயனிகள் 0.1 முதல் 0.5 அணு சதவீதத்தில் வினையை நன்றாக உயர்த்தின. கோபால்ட்டும் அலுமினியமும் குறைத்தன. காரணம் இதுதான். ஒளி பட்டுப் பிரிந்த எலக்ட்ரானையும், அது விட்டுப்போன காலியிடமான துளையையும் இரும்பு கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிறது. அந்த இடைவெளியில் அவை மேற்பரப்பை அடைந்து வேலை செய்கின்றன. இரும்பு நெருக்கமாகிவிட்டால் அதே இரும்பே இரண்டும் சந்தித்து அழிகிற இடமாகிவிடும். துகள் பெரிதாக ஆக, தாங்கக்கூடிய இரும்பின் அளவு குறையும். ஆகவே 0, 0.1, 0.25, 0.5, 1 என்று ஐந்து மாதிரிகள் போதும். ஒன்றுக்கு மேல் போக வேண்டாம்.

முறைக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் மலிவு ஈரப் பதிப்பு. வாங்கிய அனடேஸ் பொடி ஐந்து கிராமை இருபத்தைந்து மில்லி லிட்டர் தண்ணீரில் கலக்கி, அளந்த ஃபெரிக் நைட்ரேட்டைச் சேர்த்து இரண்டு மணி நேரம் சுழற்றி, நீர்க்குளியலில் வற்றவைத்து, 110 டிகிரியில் உலர்த்தி, 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் படிகம் முன்பே உருவாகிவிட்டதால் இரும்பில் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே ஆக்சைடாக நிற்கும். இதை நேர்மையாக ஒப்புக்கொண்டால் குறையொன்றுமில்லை. 2008-ல் ஜப்பானில் ஹாஷிமோட்டோ குழுவினர் செம்பு அயனியை டைட்டானியம் டை ஆக்சைடு மேற்பரப்பில் ஒட்டவைத்தே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்கிற வினையூக்கியைக் காட்டினார்கள். பொடியைக் குப்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, வடிகட்டிக் கழுவி, 110 டிகிரியில் உலர்த்துவது. அதற்கு ஃபர்னஸ்கூட வேண்டாம். செம்பு எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே போதும். உங்கள் பணத்துக்கு இது மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. தலைப்பில் மட்டும் டோப்பிங் என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும்.

அயனி உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் படிகம் பிறக்கும்போதே அது கூட இருக்க வேண்டும். அதற்குச் சோல்-ஜெல், அதாவது கரைசலைக் கூழாக்கி உலர்த்திச் சுடும் முறை. மூலப்பொருள் டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்சைடு. விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 100 மில்லி லிட்டர் பாட்டில் ஒன்றில் 27 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கும், ஐந்து கிராம் வீதம் உங்கள் ஐந்து மாதிரிக்கும் ஒரே பாட்டில் போதும். ஒரு மாதிரிக்கு 18.5 மில்லி லிட்டர். அதை 50 மில்லி லிட்டர் ஈரமில்லாத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, நாலு மில்லி லிட்டர் அளவு கிளேசியல் அசிட்டிக் அமிலம் சேர்த்துக் கால் மணி நேரம் கலக்குங்கள். அமிலம் டைட்டானியத்தைப் பற்றிக்கொண்டு நீராற்பகுப்பை நிதானப்படுத்தும். அது இல்லாவிட்டால் தண்ணீர் பட்ட இடத்தில் வெள்ளைக் கட்டியாகத் திரிந்து, இரும்பு வெளியே தங்கிவிடும். இரும்பைத் தனியாக நிறுக்க வேண்டாம். 0.5 சதவீதத்துக்கு ஐந்து கிராம் பொடிக்கு வேண்டிய ஃபெரிக் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 126 மில்லி கிராம்தான். சாதாரணத் தராசில் அது பிழையாகும். 1.265 கிராமை 50 மில்லி லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மில்லி லிட்டர் 0.1 சதவீதம், ஐந்து மில்லி லிட்டர் 0.5 சதவீதம், பத்து மில்லி லிட்டர் ஒரு சதவீதம். எல்லா மாதிரிக்கும் மொத்தத் தண்ணீர் பத்து மில்லி லிட்டர் ஆகும்படி நிரப்பி, 25 மில்லி லிட்டர் ஆல்கஹாலில் கலந்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரவு முழுக்க விட்டு, 80 டிகிரியில் உலர்த்தி, அரைத்து, நிமிடத்துக்கு மூன்று டிகிரி வீதம் ஏற்றி, 450 டிகிரியில் மூன்று மணி நேரம் சுடுங்கள். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். அனடேஸ் 600 டிகிரிக்கு மேல்தான் பொதுவாக ரூட்டைலாக மாறத் தொடங்கும் என்றாலும், இரும்பும் செம்பும் அந்த வெப்பநிலையைக் கீழே இறக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை ஈரம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். ஐசோப்ரொப்பாக்சைடு பாட்டிலைத் திறந்த மாத்திரத்தில் காற்றின் ஈரத்திலேயே மூடியோரம் வெள்ளையாகப் படியும். ஆனி ஆடிச் சாரல் நாளில் நான் அந்தப் பாட்டிலைத் திறப்பதே இல்லை. ஐந்து மாதிரிக்கும் ஒரே நாளில், ஈரமில்லாத சிரிஞ்சால் எடுத்து முடித்துவிடுங்கள். ஃபெரிக் நைட்ரேட்டும் ஈரத்தை இழுத்துத் தானே கரைகிற உப்பு. பாட்டிலில் கசிந்து கிடந்தால் நிறுத்த எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். கரைசலில் இரும்பு எவ்வளவு என்று இரும்போடு சேர்ந்து சிவக்கும் தயோசயனேட்டின் நிறத்தால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதற்கு உங்கள் கலரிமீட்டரே போதும்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைட்டானியம் டெட்ராகுளோரைடு கிராம் கணக்கில் மலிவு. ஆனால் திறந்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கக்கும். நல்ல ஃபியூம் ஹூட் இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம். டைட்டானைல் சல்பேட்டைக் கரைத்து இரும்பு உப்போடு சேர்த்து அம்மோனியாவால் வீழ்படிவாக்குவது பாதுகாப்பானது. பேரியம் குளோரைடு சொட்டுக்கு வெண்மை வராத வரை கழுவ வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். கிளைசின் சேர்த்து எரியவிடும் கரைசல் எரிப்பு முறையைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஹெக்டே, மத்ராஸ் ஆகியோர் விரிவாகச் செய்திருக்கிறார்கள். சில நிமிடங்களில் பொடி கிடைக்கும். ஆனால் தீயும் நைட்ரஜன் ஆக்சைடு புகையும் வரும், கூட அனுபவமுள்ள ஒருவர் இல்லாமல் செய்யாதீர்கள். டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலன் வாங்க வழியில்லாதவர்கள், அமிலம் நீங்கக் கழுவிய வீழ்படிவைத் தண்ணீரோடு கண்ணாடிக் குடுவையில் வைத்துத் தளர்வாக மூடி, ஆய்வகத்துக்கென்றே ஒதுக்கிய பிரஷர் குக்கரில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்து அனடேஸ் பெறலாம். அந்தக் குக்கர் பிறகு அடுப்படிக்குப் போகக் கூடாது.

இதுவரை சொன்னது எளிய பகுதி. இரும்பு உள்ளே போனதா என்று காட்டுவதுதான் கடினம். அதில்தான் நிறைய புராஜெக்ட் அறிக்கைகள் பொய்யாகின்றன, எழுதியவர் அறியாமலேயே. எக்ஸ்ஆர்டி (படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுத்தால் அனடேஸ் 25.3 டிகிரியிலும் ரூட்டைல் 27.4 டிகிரியிலும் உச்சம் காட்டும். இரும்பு ஆக்சைடின் உச்சம் எதுவும் இல்லை, ஆகவே இரும்பு முழுதும் படிகக்கூட்டுக்குள் போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கிற பொருளை எக்ஸ்ஆர்டி பெரும்பாலும் காட்டாது. உச்சம் இல்லாததால் பொருளும் இல்லை என்று ஆகாது. அதேபோல் பொடி மஞ்சளாகி, ஒளி உறிஞ்சல் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு நகர்ந்தால் பட்டை இடைவெளி குறைந்துவிட்டது என்கிறார்கள். மேற்பரப்பில் துருவைப் போல ஒட்டிய இரும்பு ஆக்சைடே 2.2 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ளது. அந்த மஞ்சள் அதனுடையதாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்க ஈபிஆர் (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) என்ற கருவிச் சோதனை வேண்டும். அது உங்கள் பணத்தில் நடக்காது. இயலாததைச் சொல்லாமல், ‘இரும்பு சேர்த்துத் தயாரித்த டைட்டானியம் டை ஆக்சைடு’ என்று எழுதுங்கள். ஒரு எளிய சோதனை உண்டு: பொடியில் கொஞ்சத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டி, வடிநீரில் தயோசயனேட் விடுங்கள். மேற்பரப்பில் தளர்வாக நிற்கும் இரும்பு சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். சேர்த்ததில் எவ்வளவு கழன்றது என்ற அந்த எண் உங்கள் அறிக்கையின் மதிப்பைக் கூட்டும்.

செயல்திறனை அளக்க எல்லோரும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை எடுப்பார்கள், நானும் எடுத்தேன். ஆராய்ச்சியின் முதல் ஆண்டில் என் இரும்புப் பொடி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நீல நிறத்தை இரண்டு மணி நேரத்தில் போக்கியது. மகிழ்ச்சியில் வரைபடம் எல்லாம் போட்டு முடித்த பிறகு, வழிகாட்டி ஒரே கேள்வி கேட்டார்: இரும்பு சேர்க்காத பொடியில் இதே ஒளியில் என்ன ஆனது? போட்டுப் பார்த்தால் அதிலும் ஏறத்தாழ அதே அளவு நிறம் போயிருந்தது. சாயமே அந்த ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளிவிட்டுத் தான் சிதைகிறது. இரும்புக்கு அதில் பங்கே இல்லை. எட்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். ஆகவே சாயத்தோடு நிறமில்லாத ஒரு பொருளையும் சோதியுங்கள். சாலிசிலிக் அமிலம் மலிவு. எடுத்த மாதிரியில் ஃபெரிக் உப்பு விட்டால் ஊதா நிறம் வரும், கலரிமீட்டரில் 530 நானோமீட்டரை ஒட்டி அளக்கலாம். இதுவும் முழுக்கக் குற்றமற்றது அல்ல. சாலிசிலிக் அமிலம் டைட்டானியத்தோடு பிணைந்து கொஞ்சம் நீல ஒளியை உறிஞ்சும்; சிதையும்போது உண்டாகும் சில பொருள்களும் இரும்போடு நிறம் தரும். ஆனாலும் இரண்டு சோதனையும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பிக்கை கூடும்.

ஒப்பீட்டுப் பொடி எது என்பதும் முக்கியம். கடையில் வாங்கிய பொடியோடு உங்கள் பொடியை ஒப்பிடுவது பொருந்தாது. இரும்பு மட்டும் இல்லாமல், மற்றெல்லாம் அதே மாதிரி, நைட்ரேட்டுக்கு ஈடாக அதே அளவு நைட்ரிக் அமிலமும் விட்டுச் சுட்ட பொடிதான் ஒப்பீடு. அம்மோனியாவோ யூரியாவோ பயன்படுத்தினால் நைட்ரஜனே உள்ளே போய்க் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்ய வைக்கும். ஒளியைப் போடும் முன் இருட்டில் அரை மணி நேரம் கலக்கி, பொடியில் ஒட்டிக்கொண்ட அளவைக் கழித்துவிடுங்கள். பொடியில்லாத ஒரு பீக்கரும் வெயிலில் நிற்கட்டும். வெயில் நமக்கு இலவசம், ஆனால் மேகம் வந்து போகும். ஆகவே எல்லாப் பீக்கரையும் ஒரே தட்டில், ஒரே நாள், காலை பத்து முதல் இரண்டு மணி வரை வையுங்கள். நேற்றைய பீக்கரோடு இன்றைய பீக்கரை ஒப்பிடாதீர்கள். புற ஊதா இல்லாத ஒளி வேண்டுமென்றால் சாதாரண வெள்ளை எல்இடி பல்பே போதும். அதில் 400 நானோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கடைசியாகக் கதம்பைத் தண்ணீர். இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்தப் பழுப்பு நிறம் டானின் போன்ற ஃபீனால் வகைச் சேர்மங்களால் வருவது. அவை சிதையும் என்பது உறுதி. ஆனால் தண்ணீரே கறுத்திருந்தால் ஒளி பொடியைச் சென்று சேராது. காயலை ஒட்டிய தண்ணீரென்றால் குளோரைடும் பைகார்பனேட்டும் வினைபுரியும் ஹைட்ராக்சில் துணுக்குகளைத் தின்றுவிடும். போதாததற்கு டானின் இரும்போடு சேர்ந்து மையைப் போலக் கறுக்கும். உங்கள் பொடியிலிருந்து இரும்பு கழன்றால் நிறம் குறைவதற்குப் பதில் அதிகமாகவும் செய்யலாம். அந்தத் தண்ணீருக்குச் செம்போ இரும்போ சேர்க்காத பொடியையே முதலில் பாருங்கள், பத்து மடங்கு நீர்த்து, ஒரு விரல் ஆழத்துக்கு மேல் இல்லாத தட்டில். சோதனை முடிந்த தண்ணீரை நானோ பொடியோடு தோட்டத்திலோ குளத்திலோ கொட்டாதீர்கள். படியவைத்து வடித்துப் பொடியை எடுத்துவிடுங்கள். உலர்ந்த பொடியை அரைக்கும்போது நல்ல முகக்கவசம் கட்டாயம். மூச்சில் போகும் டைட்டானியம் டை ஆக்சைடு தூசியை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது.

சோல்-ஜெல் வழியே போவதென்றால், உங்கள் இடத்தில் நான் பணத்தில் பாதியை ஐசோப்ரொப்பாக்சைடுக்கும் ஆல்கஹாலுக்கும் வைப்பேன்; மீதியை வெளியே இரண்டு எக்ஸ்ஆர்டி எடுக்க வைப்பேன், ஒன்று இரும்பில்லாததற்கு, ஒன்று 0.5 சதவீதத்துக்கு. முதல் வாரம் இரும்பைத் தொடாமல், இரும்பில்லாத பொடியையே மூன்று முறை தனித்தனியாகச் செய்து வெயிலில் சோதியுங்கள். அந்த மூன்றுக்கும் இடையே வருகிற வித்தியாசம் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணை இங்கே எழுதுங்கள். இரும்பு சேர்த்த பிறகு வருகிற மாற்றத்தை அதோடு வைத்துப் பார்க்கலாம்.